240இசட் பிரேக்: டொயோட்டா பிக்கப் காலிப்பர் போடலாமா?

#1 நீலஇசட் (சான் ஹோசே)

எல்லாருக்கும் வணக்கம். என்னிடம் 1972 டாட்சன் 240இசட் இருக்கிறது. எல்24 இன்ஜின், நாலு கியர், முன்னால் டிஸ்க், பின்னால் டிரம். பிரேக் எல்லாம் கம்பெனியில் இருந்து வந்தது வந்தபடியே. வாரக் கடைசியில் ஹாமில்டன் மலைக்கு, லிக் வானாய்வகம் வரை ஏறி இறங்குவது வழக்கம். ஏறும்போது அந்தக் காரை ஓட்டுவதைப் போல ஒரு சுகம் கிடையாது. இறங்கும்போதுதான் வயிற்றைக் கலக்குகிறது. பாதி மலை இறங்குவதற்குள் பெடல் மெத்தென்று ஆகிவிடுகிறது, கால் கீழே கீழே போகிறது. கருகிய வாடை வேறு. கீழே வந்து கொஞ்ச நேரம் நிறுத்தி வைத்தால் பெடல் திரும்ப வந்துவிடுகிறது.

யோசித்து வைத்திருப்பது இது: முன்னால் டொயோட்டா ஃபோர் வீல் டிரைவ் பிக்கப்பின் நாலு பிஸ்டன் காலிப்பர் (பேட்டை டிஸ்க் மேல் அமுக்கும் பகுதி), அதற்கு 1984 வாக்கில் வந்த 300இசட்எக்ஸ் காரின் காற்றோட்ட ரோட்டர் (நடுவில் காற்று போக வழி உள்ள டிஸ்க்), பின்னால் டிரம்மைத் தூக்கிவிட்டு 240எஸ்எக்ஸ் காலிப்பர், 280இசட்எக்ஸின் 15/16 அங்குல மாஸ்டர் சிலிண்டர் (பெடல் அமுக்கத்தை பிரேக் ஆயிலுக்குக் கொடுக்கும் உருளை). எல்லாவற்றையும் ஒரே தடவையில் போட்டுவிடலாம் என்று இருக்கிறேன். செய்தவர்கள் சொல்லுங்கள்.

#2 டொராண்டோ240

வணக்கம் தம்பி. என்னட்டையும் 240இசட்தான். முன்னுக்கு டொயோட்டா காலிப்பர் போட்டு கனகாலம். ஓம், நல்லா வேலை செய்யுது. அது பொருந்துறதுக்குக் காரணம், இரண்டு கம்பெனிக்கும் காலிப்பர் செய்து குடுத்தது சுமிட்டோமோதான். போல்ட் துளை இடைவெளி அப்பிடியே ஒத்து வரும், அடாப்டர் ஒண்டும் தேவையில்லை.

ஆனா எந்த வருசத்துக் காலிப்பர் எண்டதைக் கவனிக்க வேணும். 1979 முதல் 1985 வரை வந்த ஃபோர் வீல் டிரைவ் பிக்கப்புகளுக்கு முன்னுக்கும் முழு ஆக்சில். அதின்ரை காலிப்பர்தான் எங்கடை கெட்டி ரோட்டருக்கு (நடுவிலை காத்துவழி இல்லாத டிஸ்க்குக்கு) சரி. வார்ப்பிலையே 'எஸ்12+8' எண்டு இருக்கும். 'எஸ்12டபிள்யூ' எண்டு இருந்தால் அது அகலமானது, காற்றோட்ட ரோட்டருக்கு. கடைக்காரன் 'டொயோட்டா பிக்கப்' எண்டு சொல்லி எதையும் தருவான். வார்ப்பைப் பாத்து வாங்குங்கோ.

#3 கணக்கன் (டெட்ராய்ட் பக்கம்)

நீலஇசட், பிரேக் துறையில் வேலை செய்கிறவன் என்ற முறையில் சொல்கிறேன். பொருள் வாங்கும் முன் நோயைக் கண்டுபிடியுங்கள். நீங்கள் எழுதியதிலேயே விடை இருக்கிறது.

சூட்டில் பிரேக் விட்டுப்போவது இரண்டு விதம். பெடல் கல் மாதிரி கெட்டியாக இருக்கிறது, எவ்வளவு மிதித்தாலும் வண்டி நிற்கவில்லை என்றால் பேட் சூட்டில் பிடியை இழந்துவிட்டது. பெடல் மெத்தென்று கீழே போகிறது என்றால் காலிப்பருக்குள் பிரேக் ஆயில் கொதித்து ஆவிக்குமிழி வந்துவிட்டது. குமிழி அமுங்கும், ஆயில் அமுங்காது. அதனால்தான் கால் கீழே போகிறது. ஆறினால் ஆவி திரும்ப ஆயிலாகிவிடும், பெடலும் வந்துவிடும். உங்களுடையது இரண்டாவது வகை. வாடை வருவதால் பேட்டும் அதன் எல்லைக்குப் பக்கத்தில் இருக்கிறது.

ஆயிலில் டாட் 3 தரம் என்றால் புதிதாக இருக்கும்போது குறைந்தது 205 டிகிரி செல்சியஸ் வரை கொதிக்காமல் தாங்க வேண்டும், ஈரம் ஏறிய பிறகு 140. டாட் 4 என்றால் 230, ஈரம் ஏறினால் 155. கிளைகால் ஆயில் ஹோஸ் வழியாகவும் மூடி வழியாகவும் காற்றில் இருக்கும் ஈரத்தை உறிஞ்சிக்கொண்டே இருக்கும். கடைசியாக எப்போது மாற்றினீர்கள்?

உங்கள் மலையைக் கணக்குப் போட்டுப் பார்த்தேன். வானாய்வகத்தில் இருந்து ஊர் எல்லை வரை சுமார் 1,150 மீட்டர் இறக்கம் என்று வையுங்கள். அந்த உயரத்தில் இருந்து இறங்கும்போது வண்டி இழக்கும் ஆற்றல், 100 கிலோமீட்டர் வேகத்தில் இருந்து முழுதாக நிறுத்துவதை 29 முறை செய்வதற்குச் சமம். எடை எவ்வளவாக இருந்தாலும் இந்த விகிதம் மாறாது, இரண்டு பக்கமும் எடை அடிபட்டுவிடும். இதில் ஒரு பங்கைக் காற்றும் டயரும் எடுத்துக்கொள்ளும், இன்ஜின் பிரேக் இன்னொரு பங்கை. மிச்சம் முழுவதும் 12.5 மில்லிமீட்டர் கெட்டி ரோட்டர் இரண்டிலும் இரண்டு டிரம்மிலும்தான் போய் இறங்க வேண்டும். எந்த கியரில் இறங்குகிறீர்கள்?

#4 நீலஇசட்

மூன்றாவது. ஆயில் நான் வாங்கியதில் இருந்து மாற்றவில்லை, முன்னால் வைத்திருந்தவர் எப்போது மாற்றினார் என்று தெரியாது. இரண்டாவதில் இறங்கிப் பார்க்கிறேன். ஆயிலும் மாற்றுகிறேன், சரி. ஆனால் நாலு பிஸ்டன் காலிப்பர் போட்டால் நிறுத்தும் சக்தி கூடத்தானே செய்யும்? அதைப் போட்டவர்கள் எல்லாருமே வித்தியாசம் தெரிகிறது என்றுதானே சொல்கிறார்கள்?

#5 கணக்கன்

கூடலாம், கூடாமலும் போகலாம். பிஸ்டன் எத்தனை என்பது கணக்கிலேயே வராது, மொத்தப் பரப்பளவுதான் வரும்.

உங்கள் பழைய காலிப்பரில் பக்கத்துக்கு ஒரு பிஸ்டன், விட்டம் ஏறத்தாழ 54 மி.மீ. பரப்பு 22.9 சதுர செ.மீ. இரண்டு பக்கமும் பிஸ்டன் உள்ள காலிப்பரில் ஒரு பக்கத்தை மட்டும் எடுத்துக்கொள்ள வேண்டும், மறுபக்கம் எதிர்விசைதான். இப்போது பக்கத்துக்கு இரண்டு பிஸ்டன் உள்ள ஒரு காலிப்பர் வாங்குகிறீர்கள், ஒவ்வொன்றும் 35 மி.மீ. என்று வையுங்கள். இரண்டும் சேர்ந்து 19.2 தான். பழையதை விடக் குறைவு! அதுவே 40 மி.மீ. ஆனால் 25.1. அதனால் கையில் உள்ள காலிப்பரில் பேட்டைக் கழற்றிவிட்டு வெர்னியர் வைத்து பிஸ்டனை அளந்து, நீங்களே கணக்குப் போடுங்கள். யாரோ எழுதியதை நம்ப வேண்டாம்.

பேட் பெரிதானாலும் அதே கதை. பேட்டின் பரப்பு உராய்வு விசையைக் கூட்டாது. பெரிய பேட் மெதுவாகத் தேயும், சூட்டைத் தாங்கும், காலிப்பருக்குள் சூடு போவதைக் குறைக்கும். உங்களுக்குத் தேவை அதுதான் என்பதால் டொயோட்டா காலிப்பர் நல்ல யோசனைதான். "சக்தி கூடும்" என்ற காரணத்துக்காக மட்டும் வேண்டாம். முன்சக்கரத்தைப் பூட்டும் அளவுக்கு உங்கள் பழைய பிரேக்கே இன்றைக்கும் பிடிக்கும். டயர் பிடியைத் தாண்டி எந்தக் காலிப்பராலும் நிறுத்த முடியாது.

#6 ஸ்டுட்கார்ட்914

இதே பேச்சு போர்ஷே 914 பக்கம் பல வருடமாக நடக்கிறது, அதனால் குறுக்கே வருகிறேன். 914க்கு முன்னால் பிஎம்டபிள்யூ 320ஐ காலிப்பர் போடுவது பிரபலமான வேலை. அப்படியே போல்ட்டில் மாட்டிவிடலாம். 914இன் பிஸ்டன் 42 மி.மீ., பிஎம்டபிள்யூவில் 48 மி.மீ. விட்டத்தில் பார்த்தால் ஆறு மில்லிமீட்டர்தான், பரப்பில் 30 சதவீதம் கூடிவிடுகிறது.

என் வண்டியில் எனக்கு முன் வைத்திருந்தவர் அதைத்தான் மாட்டியிருந்தார், மாஸ்டர் சிலிண்டரை மட்டும் பழைய 17 மி.மீ. உடன் விட்டுவிட்டார். பெடல் பாதி தூரம் வரை சும்மா போகும். அதன் பிறகு முன்சக்கரம் கவ்வும், பின்சக்கரம் ஏதோ துணைக்கு வந்த மாதிரி இருக்கும். 914 நடு இன்ஜின் வண்டி, பின்பக்கம் கனம். பின் பிரேக் நிறைய வேலை செய்ய வேண்டிய வண்டியில் முன்னால் மட்டும் 30 சதவீதம் கூட்டினால் சமநிலை போய்விடுகிறது. 19 மி.மீ. மாஸ்டர் போட்டால் பெடல் தூரம் சரியாகும். ஆனால் அது முன்பின் விகிதத்தைத் தொடாது, அழுத்தம் இரண்டு பக்கமும் சேர்ந்தே குறையும்.

இன்னொன்று. ஜெர்மனியில் இப்படி மாற்றினால் டியூஃப் (வண்டிப் பரிசோதனை அமைப்பு) பொறியாளரிடம் காட்டி வண்டிப் பத்திரத்தில் ஏற்ற வேண்டும். ஏற்றாமல் ஓட்டினால் வண்டியின் ஓட்டும் அனுமதியே செல்லாது. அந்தப் பரிசோதனைக்குப் போனபோதுதான் என் வண்டியின் கணக்கே எனக்குப் புரிந்தது. உங்கள் ஊரில் கட்டாயம் இல்லை என்றாலும் காப்பீட்டுக் கம்பெனிக்கு எழுத்தில் தெரிவித்து வையுங்கள்.

#7 மூன்றாம்கியர் (சாலினாஸ்)

எல்லாரும் மலை இறங்குவதைப் பற்றியே பேசுகிறீர்கள். நான் 240இசட்டை லகுனா சேகா ரேஸ் டிராக்குக்குக் கொண்டுபோகிறவன். அங்கே நேர்ப்பாதை முடிந்து இரண்டாம் வளைவுக்கு முன்னால் ஒரே அமுக்காக அமுக்க வேண்டும், கொஞ்ச தூரத்தில் திரும்ப அமுக்க வேண்டும், ரோட்டருக்கு ஆற நேரமே கிடையாது. எஸ்12+8, கெட்டி ரோட்டர், நல்ல பேட், புது ஆயில் எல்லாம் இருந்தும் பத்துப் பதினைந்து நிமிடத்தில் ரோட்டர் நீலம் பாய்ந்துவிடும். காற்றோட்ட ரோட்டரும் எஸ்12டபிள்யூவும் போட்ட பிறகுதான் முழு நேரமும் ஓட்ட முடிந்தது. டிராக்குக்குப் போகிறவருக்கு "முதலில் ஆயில் மாற்று" என்ற பதில் போதாது.

#8 கணக்கன்

அதை ஒத்துக்கொள்கிறேன். 160இல் இருந்து நிறுத்தும் ஆற்றல் 100இல் இருந்து நிறுத்துவதைப் போல இரண்டரை மடங்கு. 1,050 கிலோ வண்டிக்கு அது சுமார் 1,040 கிலோஜூல். அதில் 70 சதவீதம் முன்னால் என்றால் ஒரு ரோட்டருக்கு 360 சொச்சம். ரோட்டர் 5 கிலோ என்று வைத்தால், ஒரே நிறுத்தத்தில் 150 டிகிரிக்கு மேல் ஏறும். ஒவ்வொரு சுற்றிலும் இது திரும்பத் திரும்ப நடந்தால் இரும்பின் எடையும் காற்றோட்டமும் வேண்டும்தான். ஆனால் நீலஇசட் டிராக்குக்குப் போகவில்லையே? அவருக்கு வேண்டியதை அவர் வண்டிக்குச் சொல்வோம்.

#9 லேத்பட்டறை (கோவை)

தம்பி, நான் டாட்சன் ஓட்டினது இல்லைங்க, ஆனா டிஸ்க் கடைசல் நிறையப் பார்த்திருக்கேன். படத்தைப் பார்த்தா இந்த வண்டியில ரோட்டர் ஹப்போட பின்பக்கம் போல்ட்ல உட்காருது. ஹப்பைக் கழற்றாம ரோட்டர் வெளிய வராது. அப்படின்னா பேரிங்கைத் துடைச்சு, கிரீஸ் புதுசா வெச்சு, சீல் மாத்தித்தான் திரும்ப ஏத்தணும். ரோட்டர் உட்கார்ற முகத்துல துரு, பழைய பெயின்ட் ஒரு துளி இருந்தாலும் டிஸ்க் ஆடும். கம்பி பிரஷ் போட்டுப் பளபளன்னு எடுங்க. ஏத்தின பிறகு டயல் கேஜ் வெச்சுச் சுத்திப் பாருங்க. ஆட்டம் இருந்தா ரோட்டரை ஒரு துளை தள்ளி மாட்டிப் பார்க்கலாம், பல நேரம் அதுலயே சரியாகிடும்.

பழைய ரோட்டரையே கடையணும்னா தடிமன் பாருங்க. 12.5ல ஆரம்பிச்சு 10.5 வந்தா தூக்கிப் போட வேண்டியதுதான். இரும்புதான் சூட்டைத் தாங்குது, கடையக் கடைய அந்தத் தாங்குற சக்தி போகும். புது ரோட்டர் விலை பெருசில்லைன்னா கடையவே வேண்டாம்.

300இசட்எக்ஸ் ரோட்டர் போடுறவங்க ஹப்புக்கும் ரோட்டருக்கும் நடுவுல ஒரு ஸ்பேசர் வைக்கிறாங்க. அந்த ஸ்பேசரோட ரெண்டு முகமும் ஒண்ணுக்கொண்ணு இணையா இருக்கணும். விலை மலிவுன்னு யாரோ வெட்டினதை வாங்காதீங்க.

#10 டொராண்டோ240

லேத்பட்டறை அண்ணை சொன்னது நூற்றுக்கு நூறு சரி. நான் இன்னும் இரண்டு விசயம் சேர்க்கிறன்.

பழைய காலிப்பரைத் திரும்பக் குடுத்துப் புதுப்பிச்ச காலிப்பர் வாங்குற முறையிலை, இடம் ஒரு வார்ப்பும் வலம் வேறை வார்ப்புமா வாறது உண்டு. பிஸ்டன் அளவு மாறினால் பிரேக் பிடிக்கேக்கை வண்டி ஒரு பக்கம் இழுக்கும். பெட்டியைத் திறந்த உடனை இரண்டையும் மேசையிலை பக்கத்திலை வைச்சு, வார்ப்பு எழுத்தையும் பிஸ்டனையும் ஒப்பிட்டுப் பாருங்கோ.

மற்றது, ஏர் எடுக்கிற நிப்பிள் மேல்பக்கமா இருக்க வேணும். இடம் வலம் மாறிப் பூட்டினாலும் காலிப்பர் உட்காரும், ரோட்டரும் சுத்தும், ஆனா நிப்பிள் கீழை போயிடும். பிறகு எவ்வளவு ஏர் எடுத்தாலும் மேலை நிக்கிற காத்து வெளியாலை வராது. இந்தக் காருக்கு நாலு பிஸ்டன் போட்டுப் பெடல் மெத்தெண்டு இருக்கு எண்டு எழுதுற ஆக்களிட்டை நான் முதல் கேக்கிற கேள்வி இதுதான்.

#11 நீலஇசட்

கணக்கன் சார் சொன்னபடி முதலில் நோய் பார்க்க வண்டியைத் தூக்கினேன். ஆயில் டிகாக்ஷன் நிறத்தில் இருந்தது. பின்னால் வலது டிரம்மைக் கழற்றினால் வீல் சிலிண்டரின் ரப்பர் உறைக்குள் ஈரம், டிரம்மை உரசிப் பிடிக்கும் பிரேக் ஷூவின் கீழ்ப்பாதியில் ஆயில் ஊறியிருக்கிறது. அதாவது ஒரு பின்சக்கரம் வேலையே செய்யவில்லை. முன்னால் ஹோஸ்கள் வெளியே பார்க்க நன்றாக இருந்தன. ஆனால் இடது பக்கச் சக்கரத்தைக் கையால் சுற்றினால் கனமாகச் சுற்றியது, நிப்பிளைத் திறந்ததும் இலேசாகிவிட்டது. ஹோஸ் உள்ளே வீங்கி அடைத்திருக்கிறது. ஆயில் போகிறது, திரும்பி வரவில்லை. இறங்கும் வழி முழுவதும் அந்தப் பேட் ரோட்டரை உரசிக்கொண்டேதான் வந்திருக்கிறது.

வீல் சிலிண்டர் இரண்டு, ஷூ, ஹோஸ் எல்லாம், முன் பேட், டாட் 4 ஆயில் எல்லாம் ஆர்டர் போட்டாயிற்று. மாஸ்டரும் கசிகிற மாதிரி இருந்ததால் அதை மட்டும் பக்கத்தில் ஒரு கடையில் கொடுத்து மாற்றச் சொன்னேன். பழைய அளவு 7/8 அங்குலம் தான்.

#12 கணக்கன்

டிரம்மைத் திறக்கும்போது பழைய ஷூ தூசியைக் காற்றடித்து ஊதாதீர்கள். அந்தக் காலத்து ஷூவில் ஆஸ்பெஸ்டாஸ் இருக்கும். பிரேக் கிளீனர் தெளித்து ஈரமாக்கித் துடைத்து, துணியைப் பையில் கட்டிப் போடுங்கள். குளோரின் கலந்த கிளீனர் என்றால் அது முழுக்கக் காய்வதற்குள் பக்கத்தில் வெல்டிங் வைக்கவே கூடாது, விஷவாயு வரும்.

#13 நீலஇசட்

எல்லாம் மாட்டி ஓட்டிப் பார்த்தேன். புதுப் பிரச்சினை. பெடலில் கால் வைத்த உடனே வண்டி கவ்விக்கொள்கிறது. மெதுவாகப் பிடிக்கவே முடியவில்லை. ஒன்று ஒன்றுமில்லை, இல்லாவிட்டால் முழுசு. சிக்னலில் நிற்கும்போதெல்லாம் தலை முன்னால் போகிறது. கடையில் கேட்டால் "புது பேட் அப்படித்தான் இருக்கும்" என்கிறார்கள். பேட் மாற்றுவதற்கு முன்பே, அவர்கள் மாஸ்டரை மாற்றிக் கொடுத்த அன்றே எனக்கு இது இலேசாகத் தெரிந்தது.

#14 டொராண்டோ240

தம்பி, வண்டியை ஓடாதேங்கோ. கால் அமுக்கத்தைக் கூட்டிக் குடுக்கிற பூஸ்டருக்குள்ளை இருக்கிற ரப்பர் வட்டு விழுந்திட்டுது எண்டு நினைக்கிறன்.

பூஸ்டரின் முன்பக்கத் தண்டு, மாஸ்டரைத் தள்ளுற தண்டு, அதின்ரை அடியிலை ஒரு தடிச்ச ரப்பர் வட்டு இருக்கு. கால் எவ்வளவு அமுக்குது எண்டதைப் பூஸ்டருக்குத் திருப்பிச் சொல்லுறதே அதுதான். மாஸ்டரைக் கழட்டேக்கை அந்தத் தண்டை வெளியிலை இழுத்தால் வட்டு கழண்டு பூஸ்டருக்குள்ளை விழும். தண்டைத் திரும்பச் செருகினால் எல்லாம் சரியா இருக்கிற மாதிரியே தெரியும். ஆனா கால் வைச்ச உடனை பூஸ்டர் முழு உதவியும் குடுக்கும். நீங்கள் சொல்லுற அதே குணம்.

மாஸ்டரைக் கழட்டி, தண்டை எடுத்து, டார்ச் அடிச்சுப் பாருங்கோ. குழிக்குள்ளை ரப்பர் தெரிய வேணும், வெறும் உலோகம் தெரிஞ்சால் வட்டு இல்லை. ரப்பர் எண்டபடியால் காந்தத்திலை வராது. பூஸ்டரை வெளியிலை எடுத்துக் கவிழ்த்துக் குலுக்கத்தான் வேணும். கிடைச்ச பிறகு கொஞ்சம் சிலிக்கோன் கிரீஸ் பூசித் தண்டின் நுனியிலை ஒட்டி நேராச் செருகுங்கோ.

#15 கணக்கன்

டொராண்டோ அண்ணன் சொன்னதுதான். அப்படியே தண்டின் நீளத்தையும் பாருங்கள். தண்டு நீளம் கூடிப்போனால் மாஸ்டரின் பிஸ்டன் முழுதாகத் திரும்பி வராது, ஆயில் தொட்டிக்குத் திரும்பும் சிறு துளை மூடியே இருக்கும். குளிராக இருக்கும்போது ஒன்றும் தெரியாது. ஓடி ஆயில் சூடாகி விரியும்போது போக இடம் இல்லாமல் பிரேக் தானாகவே பிடித்துக்கொள்ளும். நெடுஞ்சாலையில் நடந்தால் மிக ஆபத்து. மாஸ்டருக்கும் தண்டுக்கும் நடுவில் துளி இடைவெளி இருந்தே ஆக வேண்டும்.

#16 நீலஇசட்

வட்டு உள்ளேதான் கிடந்தது! பூஸ்டரைக் கழற்றிக் கவிழ்த்ததும் ஓரத்தில் உருளும் சத்தம் கேட்டது. ஒட்டிச் செருகி, தண்டு நீளம் பார்த்து, மாஸ்டரைக் கவனமாக மாட்டி, தூரத்தில் உள்ள சக்கரத்தில் தொடங்கி ஏர் எடுத்தேன். இப்போது பெடல் பட்டு மாதிரி. டொராண்டோ அண்ணனுக்குப் பெரிய நன்றி.

இரண்டாவது கியரில் ஹாமில்டன் இறங்கிப் பார்த்தேன். பெடல் கீழே வரை மாறவே இல்லை. வாடை மட்டும் கடைசியில் கொஞ்சம் வந்தது. கீழே நிறுத்தி அகச்சிவப்பு வெப்பமானி வைத்துப் பார்த்தால் முன் ரோட்டர் இரண்டும் கிட்டத்தட்ட ஒரே சூடு. முன்பு இடது பக்கம் கைவைக்கக்கூட முடியாது. வீட்டில் இருந்தவர்கள் "அப்ப இனிமே வேற எதுவும் வாங்க வேண்டாமே" என்கிறார்கள். ஆனால் எஸ்12+8 ஒரு ஜோடி ஏற்கனவே வீட்டுக்கு வந்துவிட்டது.

#17 ஹைலக்ஸ்காரன் (சிட்னி)

போடுங்கள், நல்ல பொருள்தான். அந்தக் காலிப்பர் ஒன்றரை டன் வண்டியை மண் சாலையில் நிறுத்துவதற்குச் செய்தது, 240இசட்டில் அதற்கு ஓய்வு மாதிரி. முன்னால் மட்டும் போடுங்கள், கெட்டி ரோட்டரோடு. 7/8 மாஸ்டர் அதற்குப் போதும். 15/16 போட்டால் பெடல் தூரம் குறையும், கெட்டியாக இருக்கும், சிலருக்கு அது பிடிக்கும். ஆனால் அதே கால் அமுக்கத்துக்கு அழுத்தம் 13 சதவீதம் குறையும் என்பதை மறக்கக் கூடாது. பெடல் கெட்டியாக இருப்பதை பிரேக் நன்றாக இருப்பதாக நினைத்துக்கொள்பவர்கள் நிறைய.

பின்னால் டிஸ்க் வேண்டாம் என்பது என் கருத்து. அலுமினியத் துடுப்பு வைத்த அந்த டிரம் நல்ல டிரம். சாலையில் ஓடும் வண்டிக்கு அது தோற்றுப் பார்த்ததில்லை. டிஸ்க் போட்டால் முதலில் ஹேண்ட் பிரேக் கேபிள் சண்டை. அப்புறம் டிரம்முக்காகப் பின்பக்கக் குழாயில் கொஞ்சம் அழுத்தத்தைப் பிடித்துவைக்கும் வால்வு இருந்தால் அதை எடுக்க வேண்டும், எடுக்காவிட்டால் பின் பேட் எப்போதும் உரசிக்கொண்டே இருக்கும். ஹேண்ட் பிரேக் உள்ள காலிப்பரில் பிஸ்டனை நேராகத் தள்ள முடியாது, திருகித்தான் உள்ளே அனுப்ப வேண்டும். அது தெரியாமல் சி கிளாம்ப் போட்டு அமுக்கி உடைத்த காலிப்பர்களைப் பார்த்திருக்கிறேன்.

#18 மூன்றாம்கியர்

பின் டிஸ்க் விஷயத்தில் நான் ஒத்துப்போக மாட்டேன். டிராக்கில் டிரம் சூடேறினால் விரிந்து ஷூவை விட்டு விலகும், பெடல் நீளும். பேட் மாற்றுவது டிஸ்க்கில் ஐந்து நிமிட வேலை, டிரம்மில் ஸ்பிரிங்கோடு மல்லுக்கட்ட வேண்டும். போடுகிறவர் சரியாகப் போட்டால் ஹேண்ட் பிரேக்கும் வேலை செய்யும். என்னுடையது செய்கிறது.

#19 கணக்கன்

இரண்டு பேரும் அவரவர் வண்டிக்குச் சரியாகத்தான் சொல்கிறீர்கள். பின் டிஸ்க் போடுகிறவர் முன்பின் சமநிலையை மட்டும் விட்டுவிடக் கூடாது.

240இசட்டின் முன்சக்கரத்துக்கும் பின்சக்கரத்துக்கும் இடைவெளி 2,305 மி.மீ. எடை மையம் தரையில் இருந்து 50 செ.மீ. உயரம் என்று வைத்தால், 0.8 ஜி (புவியீர்ப்பு முடுக்கத்தில் 0.8 பங்கு) அளவுக்கு பிரேக் பிடிக்கும்போது வண்டி எடையில் 17 சதவீதம் பின்னால் இருந்து முன்னால் போகும். நிற்கும்போது பாதிப்பாதி என்றால் அந்த நொடியில் முன்னால் 67, பின்னால் 33. இன்னும் பலமாகப் பிடித்தால் பின்னால் இன்னும் குறையும். அந்த நேரத்தில் பின்னால் பெரிய காலிப்பர் முழு அழுத்தத்தோடு பிடித்தால் பின்சக்கரம் முதலில் பூட்டும். முன்சக்கரம் பூட்டினால் வண்டி நேராகப் போகும், ஸ்டீரிங் கேட்காது, காலை எடுத்தால் திரும்பிவிடும். பின்சக்கரம் பூட்டினால் வண்டி சுழலும். மழையில் கண் இமைக்கும் நேரம் போதும்.

பின்பக்க அழுத்தத்தைக் குறைக்கும் வால்வை, கையால் திருகும் வகையாக வாங்கிப் போடுங்கள். அதைப் பின்பக்கக் குழாயில் மட்டும்தான் போட வேண்டும். கம்பெனி வால்வும் அதே குழாயில் இருந்தால் இரண்டும் ஒன்றுக்கொன்று குறுக்கே வேலை செய்யும், பழையதை எடுத்துவிடுங்கள். ஆளில்லாத இடத்தில், பக்கத்தில் நின்று ஒருவர் சக்கரத்தைப் பார்க்க, மெதுவான வேகத்தில் தொடங்கி எந்தச் சக்கரம் முதலில் பூட்டுகிறது என்று பாருங்கள். முன்சக்கரம்தான் முதலில் பூட்ட வேண்டும், காய்ந்த தரையிலும் ஈரத்திலும்.

#20 நீலஇசட்

பின்னால் டிரம்மோடு நிறுத்திக்கொள்கிறேன். முன்னால் எஸ்12+8 மாட்டியாயிற்று. செய்கிறவர்களுக்காக விவரம்.

காலிப்பர் போல்ட்டில் அப்படியே உட்கார்ந்தது. ரோட்டருக்குப் பின்னால் உள்ள தகரத் தூசித்தட்டு மட்டும் இடித்தது. காலிப்பரின் உள்பக்கம் தட்டின் விளிம்பில் இரண்டு இடத்தில் தொட்டது, பென்சிலால் குறித்துக்கொண்டு தகரம் வெட்டும் கத்தரியால் பிறை வடிவத்தில் வெட்டி விளிம்பை அரத்தால் தேய்த்துத் துருவடிக்காத பெயின்ட் அடித்தேன். முழுத் தட்டையும் எடுத்துவிடச் சொல்கிறவர்கள் உண்டு, மழையில் ஓட்டுவதால் எனக்கு மனம் வரவில்லை. காலிப்பருக்கும் ஹோஸுக்கும் நடுவில் உள்ள குட்டி இரும்புக் குழாயின் திருகு ஒன்றாகவே இருந்தது, வளைவுதான் பொருந்தவில்லை. பழையதை வளைத்து நெரிக்காமல், செம்பும் நிக்கலும் கலந்த குழாய் வாங்கி, இரட்டை மடிப்பு வைத்துப் புதிதாகச் செய்தேன்.

பிஸ்டனை வெர்னியரில் அளந்தேன். கணக்குப் போட்டால் பரப்பு பழையதை விடக் கொஞ்சம்தான் கூட. 7/8 மாஸ்டரோடு பெடல் துளி நீளம், பழகிவிட்டது. புதுப் பேட்டை இந்த முறையில் பதப்படுத்தினேன்: நடுத்தர வேகத்தில் இருந்து திரும்பத் திரும்ப வேகத்தைக் குறைப்பது, முழுதாக நிறுத்தாமல், பிறகு பிரேக் தொடாமல் ஓட்டி ஆறவிடுவது. ஹாமில்டன் இறக்கத்தில் இப்போது வாடையும் இல்லை.

#21 ஹைலக்ஸ்காரன்

அருமை. ஸ்பேர் வீலை முன்னால் மாட்டிச் சுற்றிப் பார்த்தீர்களா? ஓடும் வீல் இடிக்கவில்லை என்பதோடு எல்லாரும் விட்டுவிடுகிறார்கள். இரவில் மலையில் பஞ்சரானால் பின்னால் கிடக்கும் பழைய 14 அங்குல இரும்பு வீல் காலிப்பரில் முட்டலாம்.

#22 நீலஇசட்

இப்போதுதான் இறங்கிப் போய்ப் பார்த்தேன். இரும்பு வீல் உரசாமல் சுற்றுகிறது, காலிப்பருக்கும் வீலுக்கும் நடுவில் ஒரு அட்டை போகும் அளவு இடம் இருக்கிறது. ஆனால் உள்பக்கம் ஒட்டியிருந்த பேலன்ஸ் எடை காலிப்பர் முதுகில் தட்டியது. அதை எடுத்துவிட்டு, நாளைக்கு டயர் கடையில் வெளி விளிம்பில் அடிக்கும் எடையாக மாற்றச் சொல்கிறேன்.